தரிசு உளுந்தில் வேரழுகல்: வயல் நாட்குறிப்பு

ஜனவரி 24

சம்பா அறுவடைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. மண் மெழுகுப் பதத்தில் இருந்ததால், நிற்கும் நெல்லுக்குள்ளேயே இன்று ஆடுதுறை 3 ரக உளுந்தைத் தெளித்தோம். கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து வைத்திருந்த விதை மூன்று மா நிலத்தோடு (ஒரு மா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) தீர்ந்துவிட்டது. வாய்க்காலோரத்து ஒரு மாவுக்குக் கடைசி நேரத்தில் வாங்கிய விதையை நேர்த்தி செய்யாமலே தெளித்தது மனத்தை உறுத்துகிறது. நெல் அறுத்த நிலத்தில் அப்படியே விளையும் இந்தத் தரிசு உளுந்துக்கு உழவும் இல்லை, அடியுரமும் இல்லை. வேருக்குக் காவல் போக வேண்டுமானால் அது விதையோடுதான் போக வேண்டும்.

பிப்ரவரி 26

வாய்க்காலோரத்தில் திட்டுத் திட்டாக இலைகள் மஞ்சளித்துத் தொங்குகின்றன. "தண்ணி காட்டினால் நிமிர்ந்துவிடும்" என்றார் பக்கத்து வயல் சித்தப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு செடியைப் பிடித்து இழுத்தபோது, பக்கவேர்களை மண்ணிலேயே விட்டுவிட்டு அது சுலபமாகக் கையோடு வந்தது. தரையை ஒட்டிய தண்டு கரும்பழுப்பாக இருந்தது. நகத்தால் கீறியதும் பட்டை நார் நாராக உரிந்து, உள்ளே கரித்தூளைத் தூவியது போன்ற நுண்ணிய புள்ளிகள் தெரிந்தன. வேரழுகலை உண்டாக்கும் மேக்ரோபோமினா பேசியோலினா என்னும் பூசணத்தின் இழைகள் இறுகித் திரண்ட உருண்டைகள் அவை. செடி மட்கிய பிறகும் அவை மண்ணில் உயிரோடு கிடக்கும்.

பிப்ரவரி 27

இந்தப் பூசணம் மண் வழியாகவும் வரும், விதை வழியாகவும் வரும். ஆகவே வாங்கிய விதையே அதைக் கொண்டுவந்திருக்கவும் கூடும். பயறு வகைகள் மட்டுமன்றி நிலக்கடலை, எள், சோளம், பருத்தி என 500-க்கும் மேற்பட்ட செடியினங்களை இது தாக்குவதால், உளுந்துக்குப் பதில் பச்சைப்பயறு போட்டுத் தப்பிக்க வழியில்லை. ஈரம் வற்றி, வெப்பம் 30 முதல் 35 பாகை வரை ஏறும்போதுதான் இதன் கை ஓங்குகிறது. எங்கள் மாசி வெயில் அதற்குத் தோதானது.

மாலையில், வாடிய செடிகளின் தூரிலும் சுற்றியுள்ள செடிகளின் தூரிலும் லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் என்னும் பூசணக்கொல்லியைக் கரைத்து ஊற்றினோம். மற்ற மூன்று மாவில் அந்த மருந்தைப் படவிடவில்லை; அது டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும். அங்கே 1 கிலோ டிரைக்கோடெர்மாவை 20 கிலோ மட்கிய தொழுவுரத்தில் கலந்து தூவினோம்.

மார்ச் 7

காய்ந்த செடிகளை வரப்பில் வீசாமல், சாக்கில் அள்ளிக் களத்துமேட்டில் எரித்தோம். இரண்டு சாக்கு நிறைந்தது. நேர்த்தி செய்த வயலிலும் வரப்போரம் ஏழு செடிகள் வாடியிருந்தன. அவற்றைச் சுற்றிக் குச்சி நட்டிருக்கிறேன். அடுத்த பட்டத்துக்கு விதை எடுக்கும்போது அந்த இடத்தை விட்டுவிட வேண்டும்.