தேதி சொல்லுங்க, தேடுறோம்
"மாப்ள, இத பாருங்க"ன்னு போனை நீட்டுனாரு காரைக்கால் மாமனாரு. அவரு தாத்தாவோட பொறப்புப் பதிவு. மை ஊறுன பிரெஞ்சு எழுத்து, அடியில சாட்சி மட்டும் தமிழ்ல கோணலா கையெழுத்து போட்டிருக்காரு.

பிரெஞ்சுக்காரன் 1954லயே காரைக்கால விட்டுட்டுப் போயிட்டான், ஆனா அந்தக்காலப் பொறப்பு, கல்யாணம், சாவு ரெஜிஸ்டரையெல்லாம் பிரான்சுல எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ்ங்கற ஊர்ல இருக்குற ஆவணக் காப்பகம் ஸ்கேன் பண்ணி நெட்டுல விட்டிருக்கு, காசே கெடையாது, யாரு வேணா பாக்கலாம்.

நமக்கு நன்னிலம் பக்கம், இங்கிலீஷ்காரன் ஆண்ட ஊரு. தாத்தா பொறந்தத கிராம முன்சீப்புதான் எழுதியிருப்பாரு. 1980ல அந்த வேலையவே எடுத்துட்டாங்க, நோட்டு எந்த பீரோவுல கரையானுக்குப் போச்சோ.

ஆபீஸ்ல கேட்டா "தேதி சொல்லுங்க சார், தேடுறோம்"ங்கறாங்க.

தேதி தெரிஞ்சா நான் ஏங்க இங்க வர்றேன்?