காலி செல்லை முதலில் ஓட்டுங்கள்

போன வாரம் மூன்றாம் அத்தியாயத்தை இரண்டாவது முறையாக எழுதி கைடிடம் கொடுத்தேன். முதல் முறை எழுதியது 41 பக்கம். அதிலிருந்து ஒரு வரைபடம்கூட மிஞ்சவில்லை. 8சிபி என்ற திரவப் படிக மூலக்கூறின் தளர்வு (மாறும் மின்புலத்துக்கு ஏற்ப மூலக்கூறு தாமதித்துத் திரும்புவது) என்று எட்டு மாதம் நம்பி, ஃபிட் போட்டு, கருத்தரங்கில் போஸ்டராகவும் ஒட்டிய பீக் (இழப்பு வரைபடத்தின் உச்சி), கண்ணாடியில் மின்முனையாகப் பூசியிருந்த ஐடிஓ (மின்சாரம் கடத்தும் ஒளிபுகு ஆக்சைடு) படலத்தின் பீக்காக இருந்தது. அந்த வலி இன்னும் ஆறவில்லை. டைஎலக்ட்ரிக் அளவீட்டுக்கு, அதாவது ஒரு பொருளை இரண்டு மின்முனைகளுக்கு நடுவே செல்லில் அடைத்து அதன் விடுதிறனை (மின்புலத்துக்கு அது காட்டும் துலங்கலை) அதிர்வெண் வாரியாக அளக்கும் வேலைக்கு, புதிதாக வரும் ஸ்காலர் ஒருவருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன். நெமாட்டிக் (மூலக்கூறுகள் ஒரே திசை நோக்கும் திரவப் படிக நிலை), ஸ்மெக்டிக் (அதோடு அடுக்குகளாகவும் அமையும் நிலை), கோல்–கோல் வரைபடம் (விடுதிறனின் மெய்ப்பகுதிக்கு எதிராக இழப்புப் பகுதி) இவையெல்லாம் உங்களுக்கு ஓரளவு தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் ஆய்வு இரண்டு பாகம். ஒன்று 8சிபி. 33.5 டிகிரி செல்சியஸில் ஸ்மெக்டிக்-ஏ நெமாட்டிக்காக மாறும், 40.5-இல் ஐசோட்ரோபிக் (திசை ஒழுங்கில்லாத சாதாரண திரவம்) ஆகிவிடும். இன்னொன்று நைட்ரோபென்சீன்–ஹெக்சேன் மாறுநிலைக் கலவை, அதாவது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே இரண்டாகப் பிரிந்துவிடும் கலவை. ஒன்றில் மூலக்கூறுகள் திசை பிடிக்கின்றன, மற்றதில் இரண்டு திரவங்கள் பிரிகின்றன. ஆனாலும் நிலைமாற்றம் வருவதற்குச் சற்று முன்பே இரண்டிலும் விடுதிறன் நேர்கோட்டை விட்டு வளையத் தொடங்கும். அந்த இரண்டு வளைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வேலை.

எங்கள் துறையின் எல்சிஆர் மீட்டர் (கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் கருவி) 1 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நெமாட்டிக்கில் 8சிபி மூலக்கூறு தலைகீழாகப் புரளும் தளர்வோ சில மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. அதனால் 110 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் இம்பிடன்ஸ் அனலைசர் வைத்திருந்த பெங்களூர் ஆய்வு நிறுவனம் ஒன்றில் ஸ்லாட் கேட்டோம். தட்டு வடிவ மூலக்கூறும் திரவப் படிகமாகும் என்று திரவப் படிக ஆய்வாளர் எஸ். சந்திரசேகர் குழுவினர் 1977-இல் காட்டிய ஊர் அது. அங்கே அளவெடுக்கப் போகிறோம் என்ற பூரிப்பில் இரவு ரயிலில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

காலை பதினொரு மணிக்கு அந்தப் பூரிப்பு வடிந்துவிட்டது. அலுவலக எழுத்தர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைடின் கையெழுத்து ஸ்கேன் செய்தது, அசல் வேண்டும் என்றார். நைட்ரோபென்சீனுக்குப் பாதுகாப்புத் தாள் இணைக்கவில்லை என்றார். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று நான் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டிருந்தேன். வந்த பதிலில் இந்த இரண்டும் இல்லை. அந்தப் பதிலைக் காட்டினேன். "மெயில்ல இருக்கிறது எனக்குத் தெரியாது மேடம், ஃபார்ம் சரியில்லன்னா உள்ள விட முடியாது" என்று முடித்துவிட்டார். பாதுகாப்புத் தாளைக் கடையில் பிரிண்ட் எடுத்து வந்தேன். அசல் கையெழுத்துக்கு எங்கே போவது? கைடு போனில் பேசியும் பயனில்லை. மூன்று மணிக்கு ஸ்லாட் முடிந்தது. அடுத்தது ஐந்து வாரம் கழித்து. அன்றிரவே திரும்பினேன்.

வெளி நிறுவனத்துக்குப் போகிறவர்கள் அலுவலகத்தோடு மட்டும் பேசி நிறுத்தாதீர்கள், கருவியை இயக்குகிறவரின் போன் எண்ணை வாங்கிப் பேசுங்கள். எந்தத் தாள் இல்லாமல் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். ஹெக்சேன் போன்ற தீப்பற்றும் திரவத்தை ரயிலில் எடுத்துப் போகக் கூடாது. அங்கேயே இருப்பு வைத்திருக்கிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பயணத்தில் எல்லாம் சரியாக நடந்தது. இரண்டு நாளில் முழு வெப்பநிலை வரிசையையும் எடுத்து முடித்தேன்.

நான் ஏமாந்தது அங்கேதான். செல் நானே செய்தது: ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு, 10 மைக்ரான் இடைவெளி, இரு பக்கமும் ஐடிஓ கண்ணாடி, மூலக்கூறுகள் செங்குத்தாக நிற்க சிடேப் பூச்சு. நெமாட்டிக்கில் 2.8 மெகாஹெர்ட்ஸில் அழகான, சமச்சீரான டிபை பீக் (ஒரே தளர்வு நேரம் கொண்ட வடிவம்) வந்தது. கோல்–கோல் வரைபடம் கிட்டத்தட்ட முழு அரைவட்டம். 40.5 டிகிரியைத் தாண்டியதும் பீக் 4 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவியது. நிலைமாற்றத்தை இவ்வளவு துல்லியமாக உணரும் பீக் மூலக்கூறினுடையதாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். டாக்டரல் கமிட்டியிலும் யாரும் கேள்வி கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. நெமாட்டிக் நிலை ஏழு டிகிரி அகலம். அந்த ஏழு டிகிரிக்குள் உண்மையான தளர்வு ஒன்றரை மடங்காவது வேகமெடுக்க வேண்டும். என் பீக் அதற்குள் அசையவே இல்லை, நிலைமாற்றத்தில் மட்டும் தாவியது. எனக்கு அது உறுத்தத்தான் செய்தது. ஹாட் ஸ்டேஜின் வெப்பநிலை சீராக இல்லை என்று காரணம் சொல்லி அடிக்குறிப்பு போட்டு நகர்ந்துவிட்டேன். இப்போது அந்த அடிக்குறிப்பைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. உண்மை அப்போதே கையில் இருந்தது.

மூன்றாவது பயணம் கலவைக்காக. சுத்த நைட்ரோபென்சீனின் விடுதிறன் சுமார் 35 வருகிறதா என்று சரிபார்க்க, கலவைக்கான உலோகச் செல் தயாராகாததால், மீதமிருந்த ஐடிஓ செல் ஒன்றில் அதை ஊற்றினேன். திரையில் 1 மெகாஹெர்ட்ஸில் பெரிய பீக். நைட்ரோபென்சீன் சின்ன மூலக்கூறு, அதன் தளர்வு ஜிகாஹெர்ட்ஸில் இருக்கிறது. 1 மெகாஹெர்ட்ஸில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. கை நடுங்கியது.

கருவியை இயக்குகிற அண்ணன் ஓசூர்ப் பக்கத்துக்காரர். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏம்மா, காலி செல்லை ஓட்டினீங்களா?" என்றார். 1 மெகாஹெர்ட்ஸில் காலிச் செல்லின் கெப்பாசிட்டன்ஸ் எடுத்திருந்தேன், 88 பிகோஃபாரட். முழு அலைவரிசையிலும் ஓட்டியதில்லை. "ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன். உள்ளே காற்று மட்டும். 36 மெகாஹெர்ட்ஸில் பீக்.

ஒரு தாளை எடுத்து அவரே எழுதிக் காட்டினார். ஐடிஓ படலத்தின் மின்தடை சுமார் 50 ஓம். அது செல்லின் கெப்பாசிட்டன்ஸோடு தொடராக நிற்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் கீழ் இரண்டு பை ஆர் சி என்ற அதிர்வெண்ணில் ஒரு பொய்த் தளர்வு வந்தே தீரும். 88 பிகோஃபாரட்டுக்கு 36 மெகாஹெர்ட்ஸ். உள்ளே எதை நிரப்பினாலும் 36-ஐ அதன் விடுதிறனால் வகுத்தால் போதும். 8சிபி நீள அச்சுத் திசையில் 13, வகுத்தால் 2.8. நைட்ரோபென்சீன் 35, வகுத்தால் 1. என் எட்டு மாதம் அந்த மூன்று வரிக் கணக்குக்குள் அடங்கிவிட்டது. 40.5 டிகிரியில் பீக் ஏன் தாவியது என்பதும் விளங்கியது. ஐசோட்ரோபிக்கில் விடுதிறன் 9 அருகே இறங்குகிறது, கெப்பாசிட்டன்ஸ் குறைகிறது, பொய்ப் பீக் மேலே ஏறுகிறது. நிலைமாற்றத்தை அது உண்மையாகவே உணர்ந்தது, ஆனால் மூலக்கூறின் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கேபிளின் பங்கைக் கழிக்கும் ஓப்பன்–ஷார்ட் கரெக்‌ஷன் செய்தோமே என்று கேட்டேன். அது கேபிள் முனையோடு முடிந்துவிடுகிறது, ஐடிஓ அதற்கு அப்பால் இருக்கிறது என்றார்.

அவருக்கு நான் பட்ட கடனை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அன்று மாலை அவர் ஷிஃப்ட் முடிந்தும் இரண்டு மணி நேரம் எனக்காக உட்கார்ந்திருந்தார்.

ஐடிஓ செல்லில் 1 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏதாவது பீக் வந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். காலிச் செல்லை முழு அலைவரிசையிலும் ஓட்டுங்கள். அந்த வீச்சில் தளர்வே இல்லாத ஒரு எளிய திரவத்தை ஊற்றிப் பாருங்கள். பீக் அதிர்வெண்ணை விடுதிறனால் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது செல்லின் பீக். கீழ்முனையிலும் ஒரு பொறி இருக்கிறது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அயனிக் கடத்தல் இழப்பு வரைபடத்தை விழுங்கிவிடும். அங்கே விடுதிறனின் மெய்ப்பகுதியை அதிர்வெண்ணின் மடக்கையைப் பொறுத்து வகையிட்டால் கடத்தல் மறைந்து தளர்வு மட்டும் மிஞ்சும்.

தங்கம் பூசிய கண்ணாடிக்கு மாறினோம். படலத்தின் மின்தடை 1 ஓம் அளவுக்கு இறங்கியதால் பொய்ப் பீக் 100 மெகாஹெர்ட்ஸைத் தாண்டி ஓடிவிட்டது. பூச்சு போடவே நான்கு வாரம். மூன்று கொட்டேஷன் இல்லை என்று பர்சேஸ் கோப்பு இரண்டு முறை திரும்பி வந்தது தனிக் கதை. புதிய செல்லில் உண்மையான பீக் 5 மெகாஹெர்ட்ஸை ஒட்டித் தெரிந்தது. ஒவ்வொரு டிகிரிக்கும் நகர்ந்தது. அர்ஹீனியஸ் வரைபடத்தில் (வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக அதிர்வெண்ணின் மடக்கை) புள்ளிகள் வரிசையாகச் சாய்ந்து நின்றதைப் பார்த்ததும் லேபில் தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கலவைக்கு வருகிறேன். அதைக் கடைசியில் எங்கள் ஊரிலேயே எடுத்தோம், 10 முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரை போதும் என்பதால் எல்சிஆர் மீட்டரே தாங்கும். நைட்ரோபென்சீன் மோல் பின்னம் 0.43 அருகே, எடையில் பாதிக்குச் சற்று மேல். மாறுநிலை வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி வரும். பிரிகோடு குழாயின் நடுவில் தோன்றினால் விகிதம் சரி. மேலேயோ கீழேயோ தோன்றினால் திரும்பக் கலக்க வேண்டும். நைட்ரோபென்சீன் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் நஞ்சு. வாதுமை வாசனை வந்தால் ஃப்யூம் ஹூட் வேலை செய்யவில்லை என்று அர்த்தம், உடனே வெளியே வாருங்கள்.

எங்கள் ஊர் கடலோரம். காற்றில் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பல நாட்கள் 25 டிகிரிக்கு மேல். செல்லை 20-க்குக் குளிர்வித்தால் கனெக்டர் முழுக்க நீர் முத்து முத்தாகக் கோத்துவிடும். இரண்டு வாரம் நான் கலவையின் கடத்துதிறன் என்று பதிவு செய்தது அந்த நீர் வழியாகக் கசிந்த மின்னோட்டம். செல்லைச் சுற்றி அக்ரிலிக் பெட்டி வைத்து உலர்ந்த நைட்ரஜனை ஓட விட்டதும் நின்றது. வெளிநாட்டுக் கட்டுரைகளில் இந்தச் சிக்கலைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்க்கவில்லை. நம் கடலோரத்தில் வேலை செய்கிறவர்கள் முதல் நாளே பெட்டியைக் கட்டிவிடுங்கள்.

அடுத்து, மாறுநிலை வெப்பநிலை நாளுக்கு நாள் நகர்ந்தது. தெர்மோமீட்டரைச் சந்தேகப்பட்டு பிடி100 வெப்ப உணரியை மாற்றினேன், குற்றம் அதனுடையது இல்லை. டெஃப்லான் வளையம் வழியாக ஹெக்சேன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டிருந்தது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் செல்லை எடை போட்டபோதுதான் பிடிபட்டது.

அதெல்லாம் சரியான பிறகு மிச்சம் பொறுமை. மாறுநிலைக்கு அருகில் கலவை சமநிலைக்கு வர எடுக்கும் நேரம் நீண்டுகொண்டே போகும். கடைசி அரை டிகிரியில் நூறில் ஒரு டிகிரி நகர்த்திவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தேன். இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை, பக்கத்தில் வைத்திருந்த கண்ணாடிக் குழாயில் கலவை லேசாக நீலம் பாரித்து, பிறகு பாலாக வெளுத்தது. விளக்கை அதன் வழியே பார்த்தால் செம்பழுப்பு. மாறுநிலை ஒளிச்சிதறலைப் படத்தில் பார்த்திருக்கிறேன். கண்ணெதிரே ஒரு திரவம் தடுமாறுவதைப் பார்ப்பது வேறு.

விடுதிறன் வளைவு சின்னது. கடைசி ஒன்றிரண்டு டிகிரியில், ஐந்து இலக்கத் துல்லியம் இருந்தால்தான் தெரியும். 1973-இல் மிஸ்துராவும் 1980-இல் செங்கர்ஸ் குழுவினரும் கோட்பாட்டில் சொன்ன ஒன்று கழித்தல் ஆல்ஃபா (வெப்ப ஏற்பின் மாறுநிலை அடுக்கெண், சுமார் 0.11) என்ற அடுக்கு, அதாவது 0.89, என் புள்ளிகளுக்குப் பொருந்துகிறது, எச்சத்தில் போக்கு எதுவும் இல்லை. 8சிபியின் ஐசோட்ரோபிக் பக்கத்தில் அதே வடிவச் சமன்பாடு 0.5 என்ற அடுக்கோடு பொருந்துகிறது. இரண்டு வரைபடமும் இப்போது புதிய மூன்றாம் அத்தியாயத்தின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

மாறுநிலைக்குக் கீழே, இரண்டு அடுக்காகப் பிரிந்த பகுதி இன்னும் பாக்கி. அங்கே தாழ் அதிர்வெண்ணில் மேக்ஸ்வெல்–வாக்னர் விளைவு (இரண்டு அடுக்கின் எல்லையில் மின்னூட்டம் தேங்குவது) வந்து சேரும் என்பதால் மின்முனைகளை அடுக்குகளுக்கு ஏற்ப மாற்றியமைக்க வேண்டும். புதிய டெஃப்லான் வளையங்கள் பன்னிரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், ஓட்டத்துக்கு ஒன்று. வருகிற திங்கள்கிழமை தொடங்குகிறேன், முதலில் காலிச் செல்.