விடுபட்ட ஒரு வரி

இரவு பதினொரு மணிக்கு, எங்கள் செயலிக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ் என்ற சர்வரை நான் அமைத்துக்கொண்டிருந்தபோது, வேலையில் சேர்ந்து ஆறு மாதமே ஆகியிருந்த அந்தப் பெண் என்னிடம் கேட்டார்: "அண்ணா, முன்னாடி என்ஜின்எக்ஸ் வந்துட்டா, யார் உள்ள வர்றாங்கன்னு ஆப்புக்கு எப்படித் தெரியும்?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதெல்லாம் பாதிக்காதும்மா, காலையில பார்த்துக்கலாம்" என்றேன்.

விடை எனக்குத் தெரியாததல்ல. கோரிக்கையைச் செயலிக்குக் கடத்தச் சொல்லும் ப்ராக்ஸி பாஸ் வரியை மட்டும் என்ஜின்எக்ஸில் எழுதினால், பின்னால் 8080 போர்ட்டில் காத்திருக்கும் செயலிக்கு எல்லாக் கோரிக்கையும் 127.0.0.1 என்ற, அதே கணினியின் சொந்த முகவரியிலிருந்து வருவதாகவே தெரியும். பயனரின் உண்மையான முகவரியை கோரிக்கையோடு கூடவே போகும் குறிப்பான எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டரில் நாம்தான் சேர்த்து அனுப்ப வேண்டும், அதைப் படிக்கும்படி செயலிக்கும் சொல்லிவைக்க வேண்டும். தளத்தின் பெயரைச் சொல்லும் ஹோஸ்ட் ஹெட்டரை நான் மறக்கவில்லை. அது இல்லாவிட்டால் லிங்க்குகள் தவறான இடத்துக்குப் போய் அப்போதே காட்டிக்கொடுத்திருக்கும். நான் விட்டுவிட்ட இந்த முகவரி வரி காட்டிக்கொடுக்கவில்லை. பக்கம் திறந்தது, தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் சரியாக இருந்தது, அமைப்புக் கோப்பைச் சரிபார்க்கும் கான்ஃபிக் சோதனையும் பிழையின்றி முடிந்தது.

ஒரே முகவரியிலிருந்து ஐந்து முறை கடவுச்சொல் தவறினால் 15 நிமிடம் பூட்டிவிடும் விதி எங்கள் செயலியில் இருந்தது. காலையில் வெவ்வேறு ஊர்களில் ஐந்து பேர் ஆளுக்கொரு முறை தவறாகத் தட்டியதும் அத்தனை பேருக்கும் கதவு அடைபட்டது. என்ஜின்எக்ஸ் வருகைகளைக் குறித்துவைக்கும் லாகில் வரிக்கு வரி வேறு முகவரி. செயலியின் லாகிலோ மேலிருந்து கீழ்வரை 127.0.0.1 மட்டுமே. பதற்றத்தில், விடுபட்ட வரியைச் சேர்த்து, ஹெட்டரில் முதலில் இருக்கும் முகவரியை எடுக்கும்படி செயலியை மாற்றினேன். பயனரே பொய்யாக ஒன்றை எழுதி அனுப்பினால் என்ஜின்எக்ஸ் உண்மையானதை அதன் பின்னால்தான் ஒட்டும் என்பது மதியம்தான் உறைத்தது. கடைசி முகவரிக்குத் திருத்தினேன்.

ஆனால் என்னை உறுத்துவது அந்தத் தவறு அல்ல. மாலைக் கூட்டத்தில் மேலாளர், "இது முன்னாடியே யாருக்கும் தோணலையா?" என்று கேட்டார். "ப்ராக்ஸி பக்கம் ஒரு வரி விடுபட்டுப்போச்சு சார்" என்றேன். விடுபட்டது என்றேனே தவிர, விட்டேன் என்று சொல்லவில்லை. ஒருவருக்குத் தோன்றியது, அவர் கேட்டார், நான் தட்டிக்கழித்தேன் என்றும் சொல்லவில்லை. எதிரே அந்தப் பெண் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தை மடித்து மடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

அவர் பெயரை இழுத்தால், தெரிந்தும் ஏன் அழுத்திச் சொல்லவில்லை என்று அவரையே கேட்பார்களோ என்றுதான் வாயை மூடிக்கொண்டேன் என எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. எங்கள் கூட்டங்களில் அப்படிக் கேட்பவர்கள் உண்டு. ஆனால் அந்தக் காரணம் எனக்குத் தோன்றியது வீடு திரும்பும் வழியில்தான், கூட்டத்தில் அல்ல. மறுநாள் அவரிடம் மட்டும், "நீ கேட்டது சரிதான்மா" என்றேன். "பரவாயில்லை அண்ணா" என்றார். நான்கு பேர் முன்னால் சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொன்னதற்கு என்ன மதிப்பு என்று அப்போது யோசிக்கவில்லை.

இப்போது அவர் என்னிடம் வாய்வார்த்தையாக எதையும் கேட்பதில்லை. கேள்வியை, வேலைகளைப் பதிந்துவைக்கும் டிக்கெட்டில் எழுதி, மேலாளரையும் அதில் சேர்த்துவிடுகிறார். நல்ல பழக்கம்தான், நான்தான் மற்றவர்களையும் அப்படிச் செய்யச் சொல்லிவருகிறேன். ஆனாலும் ஒவ்வொரு டிக்கெட் வரும்போதும், அந்த மாலைக்கு முன்பும் அவர் இப்படித்தான் எழுதுவாரா என்று நினைவைத் துழாவிப் பார்க்கிறேன்.