அரை மாத்திரைக்கு மூன்று மாத யோசனை

படபடப்புக்கு மாத்திரை போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. அதில் பாதி என் சொந்தப் பயம், பாதி அடுத்தவர்கள் என் கையில் கொடுத்துவிட்டுப் போனது.

வீடு தங்கச்சிமடம், மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு வேலை, ஆக தினமும் பாம்பன் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். டூரிஸ்ட் வண்டிகள் ரயில் பாலத்தைப் பார்க்க வரிசையாக நிறுத்திக்கொண்டதில் ஒரு நாள் பஸ் நடுப்பாலத்தில் நின்றுவிட்டது, அங்கேதான் முதல் தடவை வந்தது. நெஞ்சு திடும் திடும் என்று அடிக்கிறது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது, மூச்சு உள்ளே போகிறது ஆனால் பற்றவில்லை. இன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தானாக அடங்கியது. அப்புறம் இசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் எடுத்தாகிவிட்டது, எல்லாம் நார்மல். ஒரு இடத்தில் கேஸ் என்று ஊசி போட்டார்கள். இன்னொருவர்தான் “இது பேனிக் அட்டாக் தம்பி, மனநல டாக்டரைப் பாருங்க” என்றார்.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. முதல் தடவை போனபோது டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு கேம்ப் போயிருந்தார். மனநலத் திட்டத்தில் அவர்களுக்கு அப்படிச் சுற்றுவதும் வேலைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஓபி சீட்டு போடுகிற இடத்தில் அதைச் சொல்லியிருந்தால் ஒன்றரை மணி நேரம் வெறும் பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கேட்டதற்கு “போர்டுல எழுதியிருக்கே” என்றார். போர்டு கதவுக்குப் பின்னால் இருந்தது. இரண்டாம் தடவை டாக்டர் இருந்தார், நான் இசிஜி பேப்பரை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது மூன்றாம் நடை. அன்றைக்குப் படகுகள் கரை சேருகிற நாள், கம்பெனியில் நண்டு எடை போட ஆள் இல்லை என்று போன் மேல் போன். டாக்டர் இரண்டு நிமிஷத்தில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார், எனக்கும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம், முதலில் அரை. கூடவே குளோனசிபாம் 0.25, பத்து நாளைக்கு மட்டும். அங்கே ஒன்று ஸ்டாக் இல்லை என்றதால் வெளியே மெடிக்கலில் வாங்கப் போனேன். கடைத் தம்பி சீட்டைப் பார்த்து, பின்னால் நாலு பேர் நிற்கும்போது, “அண்ணே, யாருக்கு இது? ஆரம்பிச்சா விட முடியாது, ஏர்வாடி கேஸுக்குக் கொடுக்கிறது” என்றான்.

ஏர்வாடி என்றால் மனநோயாளிகளைக் கொண்டுவந்து தங்கவைக்கிற தர்கா ஊர். எங்கள் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஊர்ப் பேர் எப்படிக் காதில் விழும் என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒருத்தனைத் திட்டுவதற்கே அதைத்தான் சொல்லுவோம். 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் செத்தபோது நான் அஞ்சாம் கிளாஸ். மாத்திரையை வாங்கி வந்து பீரோ மேல் வைத்தேன். ஒன்றரை மாதம் அங்கேயே இருந்தது. அதற்குள் மூன்று தடவை வந்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ் என்று ஆகி, சம்பளத்தில் லேட்டுக்குப் பிடித்தம் விழ ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் பேச்சு வந்தது. “சுகருக்கு அத்தை போடலையா?” என்றாள் மனைவி.

சரி என்று பிளேடால் பாதியாக வெட்டிப் போட்டேன். நாலாம் நாள் முன்னைவிட மோசம். வயிற்றைப் புரட்டுகிறது, காலைக் கீழே வைக்க முடியாத தவிப்பு. அஞ்சாம் நாள் நிறுத்திவிட்டேன். அந்தக் கடைத் தம்பி சொன்னது சரிதான் போல என்றுகூட நினைத்தேன். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு 14416க்கு, அதான் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், போன் போட்டேன். காசு கிடையாது, தமிழிலேயே பேசினார்கள். ஒரு அக்கா நிதானமாகக் கேட்டுவிட்டு, நீங்களே நிறுத்தாதீங்க, எழுதின டாக்டரிடமே போய் இதைச் சொல்லுங்க என்றார்.

நாலாம் நடை. இந்தத் தடவை கேள்விகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன், அதுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். அதே டாக்டர், அதே கூட்டம், ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். எஸ்சிட்டலோப்ராம் மெதுவாக வேலை செய்வது. முதல் ஒன்றிரண்டு வாரம் தவிப்பைக் கூட்டலாம், பலன் தெரிய நாலு வாரம்கூட ஆகும், பழகி அடிமையாகிற வகை இல்லை, ஆனால் மாதக்கணக்கில் போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றும். பழகிப்போகும் என்று பயப்பட வேண்டியது மற்றதுக்கு, அதாவது குளோனசிபாமுக்கு, அதனால்தான் பத்து நாள் கணக்கு. முதல் தவிப்பைத் தாங்கத்தான் அதைச் சேர்த்து எழுதியதே. நானோ அடிமையாகிவிடும் என்று எங்கோ படித்து, அதை மட்டும் தொடாமல் விட்டிருந்தேன்!

அதனால், இரண்டு மாத்திரை எழுதினால் எது எதற்கு, எது எத்தனை நாள் என்று எழுந்திருக்கும் முன்னால் கேட்டுவிடுங்கள். குளோனசிபாம் போட்ட முதல் சில நாள் பைக் எடுக்காதீர்கள், தூக்கம் சொக்கும். அது ஓடுகிற வரை தண்ணி போடவே கூடாது. மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்குப் பேச்சு சிகிச்சை இருக்கிறது, பேனிக்குக்கு நன்றாகக் கேட்கும் என்று டாக்டரே சொன்னார். வாரா வாரம் அதற்கு லீவு போட முடியாது என்பதால்தான் நான் மாத்திரைப் பக்கம் போனேன்.

இப்போது அஞ்சு மாதம். ஆறாவது வாரத்துக்கு மேல் பெரிதாக வரவில்லை. ஒரு வருஷம் போலப் போட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றிருக்கிறார். மாதாமாதம் ஓபிக்கு லீவு கேட்கும்போது கம்பெனியில் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். அஞ்சு மாதமாக ஒரே பல். போன வாரம் முதலாளி வாயைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டார்.