நான்னிங்கில் என் பயிற்சி ஆண்டு

தென்சீனாவின் குவாங்சி பகுதியில், நான்னிங் நகரில் 1934இல் தொடங்கப்பட்ட குவாங்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நான் எம்.பி.பி.எஸ். படித்தேன். வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்ததால் ஐந்தாண்டுகள் பெரிய சிரமமின்றிக் கழிந்தன. சிரமமெல்லாம் ஆறாம் ஆண்டில் பயிற்சிக்காக வார்டுக்குள் சென்றபோதுதான் தெரிந்தது.

சீன மொழித் தேர்வான எச்.எஸ்.கே.யில், 1200 சொற்கள் கொண்ட நான்காம் நிலையை முன்பே முடித்திருந்தேன். கடைத்தெருவுக்குப் போதுமான அந்த மாண்டரின், அதாவது பொதுச் சீன மொழி, நோயாளியிடம் விவரம் கேட்கப் போதவில்லை. அங்குள்ள முதியவர்கள் பலர் தென்சீன வழக்கான கான்டனீஸ் பேசுகிறார்கள். கிராமங்களிலிருந்து வருவோரில் பலருக்கு, அங்குள்ள ஜுவாங் இனத்தவரின் ஜுவாங் மொழிதான் வசதி.

காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஒருநாள், கழுத்தின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவுக் கட்டியுடன் ஒரு பெரியவர் வந்தார். ஒரு காது அடைத்திருக்கிறது என்பதுவரை எனக்குப் புரிந்தது. உடனிருந்த சீன மாணவி ஜுவாங் மொழியில் ஒன்று கேட்டார்: காலையில் மூக்குச்சளியை உள்ளிழுத்துத் துப்பும்போது இரத்தம் கலந்து வருகிறதா? பெரியவர் ஆம் என்றார். தென்சீனாவில் அதிகம் காணப்படும் நாசித்தொண்டைப் (மூக்கின் பின்புறத் தொண்டைப் பகுதி) புற்றுநோயின் முக்கியமான அறிகுறி அது. எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கும், சிறுவயதிலிருந்து உண்ணும் உப்பிட்ட மீனுக்கும் அந்நோயில் பங்குண்டு என்பதையெல்லாம் நான் தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த ஒரு கேள்வியை அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த மாணவி, கிராமங்களுக்கு மருத்துவர்களை உருவாக்குவதற்காகச் சீன அரசு 2010இல் தொடங்கிய திட்டத்தில் சேர்ந்தவர். கல்விக் கட்டணம் கிடையாது. அதற்கு ஈடாக அடித்தட்டுச் சுகாதார நிலையத்தில் ஆறு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். இப்படிப்பட்ட பல்கலைக்கழகத்தின் முதல் கடமை வெளிநாட்டிலிருந்து வந்த எங்களைவிட அவரைப் போன்றவர்களை உருவாக்குவதுதான் என்பதை அன்று நெருக்கத்தில் கண்டேன். அது சரியென்றே இன்றும் கருதுகிறேன்.

அன்றிரவே ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழில் கேள்வியும் வலப்பக்கம் சீன உச்சரிப்புமாக எழுதத் தொடங்கினேன். சளிக்கு ‘தான்’, சர்க்கரைக்கு ‘தாங்’. இறுதி ஒலி பிசகினால் கேள்வியே மாறிவிடும். அந்த மாணவி தினமும் பத்துக் கேள்விகளைச் சொல்லச் சொல்லித் திருத்தினார். மூன்று மாதங்களுக்குப் பிறகுதான் யார் துணையுமின்றி ஒரு நோயாளியின் விவரத்தை முழுமையாக எழுதினேன்.

ஊர் திரும்பியபின், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் பணியாற்ற எழுதும், 300 கேள்விகளில் 150 மதிப்பெண் பெற வேண்டிய எப்.எம்.ஜி.இ. தேர்வில் முதல் முறை தவறி, அடுத்த முறை தேறினேன்.

இப்போது வெளிநாட்டில் சேர்பவர்களுக்கு இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் வகுத்த 2021ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும்: குறைந்தது 54 மாதப் படிப்பும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் கட்டாயம். அந்தப் பன்னிரண்டு மாதங்களும் சீன நோயாளிகளின் அருகில்தான் கழியும் என்பதால், முதலாண்டிலேயே அந்த நோட்டைத் தொடங்கிவிடுங்கள்.