டீக்கடை ரேடியோப் பாட்டும் 21 வருடம் காத்திருந்த டிவிடியும்

தங்கச்சிமடத்து டீக்கடை ஒன்றில் காட்சி எடுக்கிறீர்கள். மாமனும் மச்சானும் படகுக் கடனுக்காகச் சண்டை போடுகிறார்கள். பின்னால் கடை ரேடியோவில் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது. வசனம் நன்றாக விழுந்திருக்கிறது, நடிப்பும் அருமை. நாலு வருடம் கழித்து அந்தத் தொடரை யாராவது விலைக்குக் கேட்டு வரும்போது, வியாபாரத்தை நிறுத்தப்போவது, உரிமை வாங்காத அந்த ஒரு பாட்டுதான். பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் காமெடித் தொடர் எடுக்க நினைக்கிற தம்பி தங்கைகள் இதை ஷூட்டிங்குக்கு முன்பே படித்துவிட வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு முதலில் சொல்லப்படும் உதாரணம் 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' என்ற அமெரிக்க சிட்காம், அதாவது காமெடித் தொடர். 1978 முதல் 1982 வரை சிபிஎஸ் டிவியில் வந்தது. கதை நடப்பதே ரேடியோ நிலையத்தில் என்பதால், அன்றைய ஹிட் ராக் பாட்டுகள் காட்சிக்குள்ளேயே ஓடின. ஃபிலிமுக்குப் பதில் வீடியோ டேப்பில் எடுத்தால் பாட்டுக் கட்டணம் குறைவு என்று டேப்பில் எடுத்தார்கள். ஆனால் வாங்கியது சில வருடங்களுக்கான ஒளிபரப்பு உரிமை மட்டும். வீட்டில் வைத்துப் பார்க்கிற கேசட்டாக முழுத் தொடரும் விற்கும் என்று அன்று யாரும் கணக்குப் போடவில்லை. காலக்கெடு முடிந்ததும் பாட்டுகளைப் பிடுங்கிவிட்டு ஏதோ ஓர் இசையை வைத்தார்கள். அதில் செய்தி வாசிப்பவராக வரும் லெஸ் நெஸ்மன் என்ற பாத்திரம் கண்ணாடி முன் நின்று விக் மாட்டும் காட்சிக்கு ஃபாரினர் குழுவின் பாட்டுதான் உயிர்; அது போனதும் சிரிப்பும் போய்விட்டது.

இதில் இன்னொரு கொடுமையும் நடந்தது. வசனமும் பாட்டும் ஒரே மோனோ டிராக்கில் கலந்திருந்தன. பாட்டை எடுத்தால் மேலே பேசிய குரலும் சேர்ந்து போகும். அதனால் சில இடங்களில் நடிகர்களைப் போலப் பேசும் வேறு ஆட்களை வைத்து டப்பிங் செய்தார்கள். 2007ல் வந்த முதல் சீசன் டிவிடியிலும் பல பாட்டுகள் மாறியிருந்தன. 2014ல் ஷவுட் ஃபேக்டரி என்ற டிவிடி கம்பெனி முழுத் தொடரை வெளியிட்டபோதுதான் ஏராளமான பாட்டுகள் திரும்பி வந்தன.

பாட்டு உரிமையில் மாட்டிய அமெரிக்கத் தொடர்கள் இன்னும் உண்டு. 'தி வொண்டர் இயர்ஸ்' 115 எபிசோடுகளோடு 1993ல் முடிந்தது. முழுத் தொடர் டிவிடி வந்தது 21 வருடம் கழித்து, 2014ல். 'மேரீட் வித் சில்ட்ரன்' தொடரின் டைட்டில் பாட்டு ஃபிராங்க் சினாட்ரா பாடியது. மூன்றாம் சீசன் டிவிடியிலிருந்து அதுவே இல்லை.

ஏன் இவ்வளவு இழுக்கிறது? ஒரு பாட்டுக்கு ஒரு சொந்தக்காரர் கிடையாது. வரியையும் மெட்டையும் படத்தோடு சேர்க்க வாங்குவது சிங்க் உரிமை. ஒலிப்பதிவுக்கு உள்ளது மாஸ்டர் உரிமை, அது பெரும்பாலும் ஆடியோ கம்பெனி கையில். நாலு பேர் சேர்ந்து எழுதிய பாட்டுக்கு நாலு பப்ளிஷர், அதாவது அவரவர் பங்கின் உரிமையைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி, இருக்கலாம். அதில் சிறு பங்கு வைத்திருப்பவர் மறுத்தாலும் வேலை நின்றுபோகும். போதாததற்கு, 'மற்றவருக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு' என்ற ஷரத்தைப் பலர் போடுவார்கள். கடைசி ஆளுக்கு ஆயிரம் கூட்டிக் கொடுத்தால், ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட எல்லாருக்கும் கூட்ட வேண்டும். டிவிடி விற்று வரும் பணத்தைவிடப் பாட்டுச் செலவு ஏறும்போது, கம்பெனி பெட்டியை மூடி வைத்துவிடுகிறது.

நம் ஊர்ச் சட்டத்துக்கு வருவோம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 19 சொல்வது இது: காலம் எழுதாத உரிமை 5 வருடம்தான், எல்லை எழுதாத உரிமை இந்தியாவுக்குள் மட்டும்தான். லைசென்ஸுக்கும் பிரிவு 30ஏ மூலம் இதே கணக்கு. நம் கரையில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைக் கரையில் இருக்கும் தலைமன்னார் சட்டத்தின் கண்ணில் வெளிநாடு. இலங்கையில் விற்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பெயரை எழுதியே வாங்குங்கள், அல்லது 'உலகம் முழுவதும்' என்று எழுதுங்கள். ஊடகத்தையும் பெயர் சொல்லி எழுதுங்கள்: டிவி, கேபிள், டிவிடி, ஓடிடி, யூடியூப், பென்டிரைவ்.

பத்து விநாடிக்குள் போட்டால் இலவசம் என்று எடிட்டிங் அறைகளில் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் பாட்டுப் போட விலக்கு உண்டு, பிரிவு 52ல். அந்த விலக்கு ஸ்பீக்கரோடு சரி. அதே சத்தம் பதிவான வீடியோவை விற்பதற்கு அது உதவாது. டீக்கடைச் சுவரில் ஓவியம் பின்னணியில் தெரிந்தால் பிரச்சினை இல்லை, அதற்கும் 52ல் இடம் இருக்கிறது. ஆனால் அது ஓவியம், சிற்பம் போன்ற கலைப் படைப்புக்கு மட்டும், பாட்டுக்கு இல்லை.

பழைய பாட்டு என்று ஏமாறவும் வேண்டாம். ஒலிப்பதிவுக்கு, வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம். வரிக்கும் மெட்டுக்கும், எழுதியவர் இறந்த பிறகு 60 வருடம். பாபநாசம் சிவன் 1973ல் மறைந்தார். அவர் சாகித்தியங்களுக்கு 2033 முடிய உரிமை உண்டு, ரெக்கார்டு எவ்வளவு பழையதானாலும். பாரதியார் வரிகள் பொதுச்சொத்து. அதற்கு யாரோ போட்ட சினிமா மெட்டு பொதுச்சொத்து ஆகாது.

ஸ்பாட்டில் செய்ய வேண்டியது எளிது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். டேக் ஓடும்வரை கடைக்காரரிடம் சொல்லி ரேடியோவை நிறுத்துங்கள். திருவிழா மைக்செட் கேட்கும் தெருவில் வசனக் காட்சியே வைக்காதீர்கள். நடிகரின் செல்போன் ரிங்டோனும் பாட்டுதான், மறக்க வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் ஆம்பியன்ஸ் எடுங்கள்: அலை, காற்று, வல்லத்து எஞ்சின், டம்ளர் சத்தம். பின்னால் எங்கே எதை வெட்டினாலும் அந்த ஓட்டையை அடைக்க இதுதான் கைகொடுக்கும். மிக்ஸ் முடிந்ததும் வசனம், எஃபெக்ட்ஸ், இசை மூன்றையும் தனித்தனி ஃபைலாக, 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில் எடுத்து வையுங்கள். குரலையும் பாட்டையும் பிரிக்கும் மென்பொருள் இப்போது இருக்கிறது. ஆனால் நீட்டிப் பேசும் இடங்களில் பாட்டின் எச்சம் குரலோடு ஒட்டிக்கொண்டு வரலாம்.

கியூ ஷீட்டை, அதாவது எபிசோடில் வரும் பாட்டுகளின் பட்டியலை, எடிட் முடிகிற அன்றே எழுதுங்கள். பாட்டுப் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், ஆடியோ கம்பெனி, எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கி எப்போது முடிகிறது, எத்தனை விநாடி, காட்சிக்குள் ஓடுகிறதா பின்னணியா. ஓர் எபிசோடுக்கு அரைப் பக்கம் போதும்.

நமக்கு இசைப் பஞ்சமும் கிடையாது. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்குத் தனிச் சொந்தக்காரர் இல்லை. நீங்களே பதிவு செய்தால் மாஸ்டர் உங்களுடையது. பாடுகிறவர்களுக்குக் கலைஞர் உரிமை 50 வருடம் உண்டு. வலை இழுத்து முடித்துக் கரையில் உட்கார்ந்திருக்கும்போதே சம்பளத்தைக் கையில் கொடுத்து, தமிழில் எழுதிய ஒப்புதல் தாளை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள், முன்பாட்டுப் பாடிய பெரியவரிடம் மட்டும் இல்லை, 'ஏலேலோ' என்று பின்பாட்டுச் சொன்ன ஒவ்வொருவரிடமும்.