எதிரிக்காக (குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக) நிற்க விரும்பும் பிள்ளைகளுக்கு: திருகோணமலையிலிருந்து ஒரு சட்டத்தரணி

சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது இதைத்தான்: "மிஸ், குற்றவியல் பக்கம் போகலாமா, சிவில் பக்கம் போகலாமா?" நுழைவுப் பரீட்சை வரைக்கும் அந்த யோசனை தேவையில்லை. மொழி, பொது அறிவு, நுண்ணறிவு ஆகியவற்றைத்தான் அங்கே பார்க்கிறார்கள். தினமும் பத்திரிகை வாசியுங்கள், பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்யுங்கள். பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் தோற்கடித்தது. ஆகவே தமிழில் எழுதலாம். ஆனால் மேன்முறையீட்டுத் தீர்ப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் இருக்கும், அவற்றை வாசிக்கப் பழகாமல் முன்னேற முடியாது.

எதிரி தரப்பில் நிற்பதுதான் என் வேலை என்று மனதுக்குள் முடிவு வந்துவிட்டதா? சரி, கொழும்பு புதுக்கடையில் இருக்கிற சட்டக்கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே சான்றுச் சட்டத்தை வேறு விதமாகப் படியுங்கள். 1895 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அது. பிரிவு இலக்கங்களைப் பாடமாக்கிச் சித்தியடையலாம்தான். நான் ஒவ்வொரு பிரிவுக்கும் எங்கள் ஊரில் நடக்கக்கூடிய ஒரு சம்பவத்தைக் கொப்பியில் எழுதிவைத்தேன். 25 ஆம் பிரிவின்படி பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. 27 ஆம் பிரிவோ, அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு ஒட்டிய அளவை மட்டும் உள்ளே விடுகிறது. குச்சவெளியில் ஒருவர், "இந்தக் கத்தியால்தான் குத்தினேன், வாடிக்குப் பின்னால் புதைத்தேன்" என்கிறார் என்று வையுங்கள். இதில் எந்தத் துண்டு மன்றுக்கு வரும், எது வராது? விடுதியில் இரவு முழுக்க இதையே வைத்து வாதாடியிருக்கிறோம். அந்த வாதங்களை இன்றைக்கும் மன்றில் பயன்படுத்துகிறேன்.

அடுத்து 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை அது அனுமதிக்கிறது. ஒரு சட்டத்தில் செல்லாத வாக்குமூலம் இன்னொரு சட்டத்தில் ஒருவரை வருடக்கணக்காக உள்ளே வைக்கும். இதன் பாரம் என்னவென்று எங்கள் மாகாணத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆறு மாதத் தொழிற்பயிற்சிக்குக் கொழும்பில் பெரிய பெயருள்ள சீனியரைத் தேடுகிறார்கள். நீதவான் நீதிமன்றில் நாள் முழுக்க நிற்கிற ஒருவரிடம் போவதே நல்லது என்பது என் கருத்து. இங்கே டைனமைட் மீன்பிடி, அனுமதியில்லாத மணல், கசிப்பு, காணிச் சண்டையில் தொடங்கிய அடிதடி என்று எல்லாம் வரும். எங்கள் நீதிமன்ற மொழி தமிழ், ஆனால் பொலிஸாரின் குறிப்புகள் பல நேரம் சிங்களத்தில் இருக்கும். மொழிபெயர்ப்பாளரை மட்டும் நம்பாமல் நீங்களே வாசிக்கும் அளவுக்குச் சிங்களம் படியுங்கள். "இருட்டாக இருந்தது" என்று பொலிஸில் சொன்ன சாட்சி, கூண்டில் ஏறி "முகத்தைத் தெளிவாகக் கண்டேன்" என்றால், உங்கள் வழக்கு அந்த இரண்டு வரிக்கு நடுவில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க மூல வாக்குமூலத்தை ஆறுதலாக வாசிக்க வேண்டும்.

புத்தகத்தில் இல்லாத பகுதி, சந்தேகநபரின் வீட்டார். மூதூரிலிருந்து ஒரு அம்மா வருவார், கையில் அடகுச் சீட்டு இருக்கும். மகன் கொலை வழக்கில் விளக்கமறியலில். அடுத்த தவணையில் நீதவான் பிணை கொடுப்பார் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். 1997 ஆம் ஆண்டின் பிணைச் சட்டப்படி அந்த அதிகாரம் மேல் நீதிமன்ற நீதிபதியிடம் இருக்கிறது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "பாப்பம் அம்மா" என்று இழுத்தடித்துக் காசு வாங்குவது பெரிய பாவம். கட்ட வசதியில்லாதவர்களைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். மேல் நீதிமன்றில் சட்டத்தரணி இல்லாத எதிரிக்கு அரச செலவில் ஒருவரை நியமிக்கும் வழியும் உண்டு. இளம் சட்டத்தரணிகள் அந்த வழக்குகளை விருப்பத்தோடு ஏற்க வேண்டும்.

கோயிலில், கலியாண வீட்டில், "குற்றவாளிக்கு ஏன் போய் நிற்கிறாய் பிள்ளை?" என்ற கேள்வி வரும். இந்த ஊரில் அது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. 2006 ஜனவரி 2 ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 இல் சந்தேகநபர்கள் 13 பேரும் போதிய சான்று இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். போதிய சான்று இல்லை என்று மன்றில் நானும் வாதாடுகிறவள்தான். அந்தச் சொற்கள் அந்தப் பெற்றோரின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனாலும் விசாரணை சரியில்லையென்றால் பாதிக்கப்பட்டவருக்கும் நீதி கிடைக்காது, பிடிபட்டவருக்கும் கிடைக்காது. அதனால்தான் சான்றைக் கடுமையாகச் சோதிக்க எதிரி பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்கிறேன்.

கலியாணம் பேசும்போது இந்த வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்லுங்கள். முதல் வருடங்களில் வருமானம் ஒழுங்காக வராது. வழக்கு விளக்கத்துக்கு முந்தின நாள் வீட்டு விசேஷம் இருந்தாலும் மனம் வழக்கில்தான் இருக்கும். எங்கள் வீட்டில் பேசி ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு தொலைபேசியை என் கணவர்தான் எடுப்பார். தவணைத் திகதி கேட்பவர்களைக் காலையில் எடுக்கச் சொல்வார். கைது என்றால் உடனே என்னிடம் தருவார், ஏனென்றால் பொதுவாக 24 மணித்தியாலத்துக்குள் ஆளை நீதவான் முன் கொண்டுவர வேண்டும், அதற்குள் எந்தப் பொலிஸ் நிலையம் என்றாவது நான் அறிந்திருக்க வேண்டும்.